எதிர்ப்பக்கத்து ஆள்

சகுமா குனிஹிகோ மனிதர்களை அவர்கள் தோற்கும் விதத்தை வைத்துப் பிரித்தார். விளையாட்டுகளையும் அப்படித்தான்.

"ஜெயிக்கிறது எல்லா ஆட்டத்துலயும் ஒண்ணுதான். மணி அடிக்கும், வெளிச்சம் வரும், பேரு கேக்கும். தோக்கறதுலதான் எது என்ன ஆட்டம்னு தெரியும்" என்பார். கேட்பவர் தலையாட்டினால் இன்னும் பத்து நிமிஷம் பேசுவார். ஆட்டாவிட்டால் மெஷின் கண்ணாடி துடைக்கப் போய்விடுவார்.

ஒசாக்காவில், தைஷோ ஸ்டேஷனுக்குப் பின்புறம், கூரை போட்ட கடைத்தெருவில் அவருடைய ஹாதோபா கேம் சென்டர் இருந்தது. இடப்பக்கம் பண்டோவின் தோஃபு கடை. எதிரே ஹிசாயேயின் சலூன். தெருக்கோடியில் கோயில். குனிஹிகோ அந்தத் தெருக்காரர் இல்லை. மெஷின்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் ரிப்பேர் வேலை பார்த்தவர். ஒருநாள் இங்கே ஒரு திரையைச் சரிசெய்ய வந்தார். அப்போதைய முதலாளி, "சிகரெட் வாங்கிட்டு வரேன், கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. குனிஹிகோ பார்த்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல்.

மெஷினுக்கு மேலே, திரையின் நெற்றியில், கம்பெனி ஒரு விளக்க அட்டை வைத்திருக்கும். எந்தப் பட்டன் எதற்கு, எப்படி ஜெயிப்பது என்று அதில் இருக்கும். குனிஹிகோ அவற்றையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, தூரிகைப் பேனாவால் தானே எழுதிச் செருகினார். அவருடைய அட்டைகள் எப்படித் தோற்பீர்கள் என்பதை மட்டும் சொல்லும்.

விண்வெளியில் சுடும் ஆட்டத்தின் அட்டை: "ஆயிரம் குண்டு வரும். உங்களைக் கொல்வது ஒன்றே ஒன்று. அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்."

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டம்: "முடிவு தூரத்திலிருந்தே தெரியும். கை மட்டும் நம்பாது."

கார் ரேஸ்: "தோற்றாலும் போய்ச் சேர்வீர்கள். கொஞ்சம் லேட்டாக."

பாட்டுக்குத் தாளம் தட்டும் ஆட்டம்: "பாட்டு உங்களுக்காக நிற்காது. என் மனைவியும் நிற்கவில்லை."

பொம்மை தூக்கும் கொக்கிப் பெட்டி: "தோற்றதே உங்களுக்குத் தெரியாது. அடுத்த காசைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்."

இந்த அட்டையைப் படித்துவிட்டுக் காசு போடாமல் போனவர் யாரும் இல்லை. மனிதர்களைப் பற்றி அவருக்கிருந்த அபிப்பிராயம் அதனால் கொஞ்சம் இறங்கியது, வருமானம் ஏறியது.

ஊர் ஊராக நடந்து, பேயை அடித்து, லெவல் ஏற்றிக்கொண்டே போகும் பயண ஆட்டம் இங்கே ஏன் இல்லை என்று கல்லூரிப் பையன்கள் கேட்பதுண்டு.

"அது வீட்டு ஆட்டம்டா. அதுல செத்தா பக்கத்து ஊர்ச் சத்திரத்துல முழிப்பு வரும். பாதிக் காசு போயிருக்கும், அவ்வளவுதான். கெட்டிக்காரத்தனமே வேண்டாம், நேரம் இருந்தாப் போதும். நேரத்தை நான் எங்க வாங்கி விக்கிறது?"

"துப்பறியும் ஆட்டம்?"

"அதுல தோக்கவே மாட்டே. மாட்டிக்கிட்டு நிப்பே. ஏதோ ஒரு இழுப்பறையைத் திறந்து பாக்க மறந்திருப்பே. அப்படி நிக்கறதுக்கு என் கடை எதுக்கு? ஆபீஸ் இருக்கே."

ஒரே மகள் யுகாரி. நகோயாவில் லிஃப்ட் பரிசோதிக்கும் வேலை. கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவாள். இல்லையென்றால் போடமாட்டாள், கட்டடத்துக்காரர் எத்தனை தடவை குனிந்து வணங்கினாலும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் போன் செய்வாள். அவர் தெருவில் யார் யார் என்ன வகை என்று சொல்லுவார். பண்டோ சண்டை ஆட்டம் ஆடினாலும் ரேஸ் வகை, அதுவும் சுவரில் இடித்துக்கொண்டே ஓட்டுகிறவர். ஹிசாயே கட்டை அடுக்குகிறவள். கோயில் குருவைப் பற்றி ஒருமுறை சொன்னார்: "நம்ம ஓஷோ-சானுக்கு ஆட்டம் அவ்வளவா வராது. ஆனா தோக்கறதுல அவரை அடிச்சுக்க ஆளில்ல."

ஓஷோ-சான் என்றுதான் குருவைத் தெருவே கூப்பிடும். அப்பா அவரைக் கிண்டல் செய்கிறார் என்று யுகாரி நினைத்துக்கொண்டாள்.

"நான் எந்த வகைப்பா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நீ ஆட்டமே இல்ல. மெஷினைத் திறந்து பாக்குற ஆள் நீ."

பிப்ரவரியில் ஒரு காலை, கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

யுகாரி ஒரு பையோடு வந்தாள். இறுதிச் சடங்கு முடிந்தது. பிரிந்துபோய் கோபேயில் வேறு குடும்பத்தோடு இருக்கும் அம்மாவும் வந்தாள். கறுப்புக் கிமோனோவோடு கொக்கிப் பெட்டிக்கு முன்னால் நின்று, ஒரு காசு போட்டு, ஒரு பன்றிப் பொம்மையைத் தூக்கினாள்.

"ஏம்மா அவரை விட்டுட்டுப் போனே?" யுகாரி இதுவரை கேட்டதில்லை.

"எந்தச் சண்டையிலயும் நான்தான் ஜெயிச்சேன்டி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்துல ஜெயிச்சேன். கடைசில போரடிச்சுப்போச்சு" என்றாள் அம்மா. பன்றியை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள்.

யுகாரி நகோயா திரும்பவில்லை. விடுப்பை நீட்டினாள். தினமும் காலையில் மெஷின்களை அப்பா போடும் வரிசையிலேயே போட்டாள். கண்ணாடி துடைக்கும் துணி அவர் விட்ட இடத்தில் காய்ந்து விறைத்துக் கிடந்தது. அதை மட்டும் தொடவில்லை. புதுத் துணி வாங்கினாள்.

துக்கம் முடியும் நாற்பத்தொன்பதாம் நாளுக்குள் ஒரு வேலை மிச்சமிருந்தது. இறந்தவருக்குக் கோயிலில் ஒரு புதுப் பெயர் தர வேண்டும். ஆள் எப்படிப்பட்டவரோ அதற்கேற்ற பெயர். அரக்கு பூசிய பலகையில் அதைப் பொன் எழுத்தில் வெட்டி வீட்டுப் பூஜை மாடத்தில் வைப்பார்கள். இனி அவருக்கு அதுதான் பெயர். மாற்ற முடியாது.

ஓஷோ-சான் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். நல்ல கையெழுத்து. "'போட்டி அறியாதவர்'னு அர்த்தம் வர்ற மாதிரி வச்சிருக்கேன். ஊர் பூரா வெளையாடினப்போ ஓரமா நின்னு கண்ணாடி தொடச்சவர். ஒரு ஆட்டம்கூட ஆடிப் பார்த்ததில்ல. சரியா இருக்கா?"

ஆமாம், அப்பா ஆடி யுகாரியும் பார்த்ததில்லை. கடைக்காரர் வாடிக்கையாளரோடு ஆடினால் மரியாதை இல்லை என்பார். ஆனாலும் அந்தப் பெயரில் ஏதோ இடித்தது. நன்றாக ஓடும் லிஃப்டில் எங்கோ ஒரு சின்ன சத்தம் கேட்கிற மாதிரி.

"கொஞ்சம் யோசிக்கிறேன், ஓஷோ-சான்."

"யோசி. எழுத்து வெட்டுறவருக்குப் புதன்கிழமை காலைல குடுக்கணும். செவ்வாய் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு."

அது வெள்ளிக்கிழமை.

மறுநாள் பண்டோ வந்தார். எழுபது வயது, ரப்பர் பூட்ஸ், கையில் சோயா வாசனை. வழக்கமான சண்டை மெஷினில் உட்கார்ந்தார், ஒரு ஆட்டம் கம்ப்யூட்டரோடு ஆடினார், எழுந்து வந்து கவுன்டரில் கையூன்றினார்.

"யுகாரிம்மா, உன்கிட்ட ஒரு புகார். அந்தப் பய எங்க?"

"எந்தப் பய, பண்டோ-சான்?"

"எதிர்ப்பக்கத்து ஆள். அப்பன் இருந்தப்போ ஒழுங்கா வந்துக்கிட்டிருந்தான்."

சண்டை மெஷின்களும் கட்டை மெஷின்களும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் இரண்டு பெட்டிகள். எதிராளியின் விரல் செய்வதெல்லாம் உங்கள் திரையில் தெரியும், ஆள் தெரியமாட்டார். தோற்றவர் எழுந்து போகலாம், இல்லையென்றால் இன்னொரு காசு போட்டு மறுபடி மோதலாம். சுற்றிப் போய் யார் என்று எட்டிப் பார்ப்பது அசிங்கம். அப்படிப் பார்ப்பவர் தெருவில் கிடையாது. போதாததற்கு குனிஹிகோ தூணில் ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார்: "எதிராளியை எட்டிப் பார்க்காதீர்கள். தோற்றவருக்கும் முகம் உண்டு." எவ்வளவு பெரிய மனசு என்று ஹிசாயே அதைப் போட்டோ எடுத்துத் தன் சலூனில்கூட ஒட்டியிருந்தாள்.

"ஆள் எப்படி இருப்பான்?" என்று கேட்டாள் யுகாரி.

"நான் என்ன எட்டிப் பாக்குற ஜாதியா? ஆனா தெரியும். டை கட்டின சின்னப் பய. பெரிய கம்பெனி. திமிர் பிடிச்சவன். எகிறி எகிறிக் குதிப்பான், நான் கீழ நின்னு ஒரு குத்து விடுவேன், விழுவான். மறுபடி காசு போடுவான். நான் எத்தனை வருஷமா அவனைத் திருத்திக்கிட்டிருக்கேன் தெரியுமா? பத்துக்கு ஆறு நான்தான். ஆனா எப்பவும் நூலிழைதான், அதைச் சொல்லணும். பய சளைச்சவன் இல்ல."

"எப்போலேர்ந்து வரல?"

"உங்க அப்பன் செத்ததுலேர்ந்து. துக்கத்துக்கு மரியாதை குடுக்கறான்போல. சரி, அதுக்காக இத்தனை நாளா?"

அவர் போனதும் யுகாரி சலூனுக்குப் போனாள். முடி வெட்டத்தான். தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் ஊற்றியபோது கேட்டாள்.

"ஹிசாயே-சான், நீங்க நம்ம கடைல கட்டை அடுக்கற ஆட்டத்துல யார்கூட ஆடுவீங்க?"

ஹிசாயே தண்ணீரை நிறுத்தினாள். "நீயே கேட்டுட்டே. நானா எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன். அந்தப் பொண்ணு நல்லாயிருக்காளா?"

"பொண்ணா?"

"எதிர்ப்பக்கம் உக்கார்றவ. நீள் கட்டையை இடது ஓரத்துல சேத்து வச்சுக்கிட்டே இருப்பா. உபயோகிக்க மாட்டா. நல்லது எதையும் தனக்குன்னு எடுத்துக்காத பொம்பளை. புருஷன் சரியில்ல, அது நிச்சயம். அப்புறம் எல்லாம் தலைக்கு மேல வந்து மூடிடும், பாவம். நான் தினமும் மெஷின் மேல ஒரு புளிப்பு ஊமே மிட்டாய் வச்சுட்டு வருவேன். மறுநாள் இருக்காது. எடுத்துக்குவா."

அப்பாவின் கோட்டுப் பையில் மிட்டாய்த் தாள்கள் இருந்தன. யுகாரிதான் அதைக் காலி செய்திருந்தாள். ஒரு கைப்பிடித் தாள்கள். அப்பாவுக்கு ஊமே புளிப்பு ஆகாது. வாயைக் கோணிக்கொள்வார்.

"தண்ணி சூடா இருக்கா?" என்றாள் ஹிசாயே. "கண்ணு கலங்குது."

"கொஞ்சம்."

கடைக்குத் திரும்பியதும் யுகாரி ஒரு பரிசோதகர் செய்வதைச் செய்தாள். பின்வரிசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. ஒருவர் உடம்பைத் திருப்பிக்கொண்டு போகலாம். சந்தின் மறுமுனை ரிப்பேர் அறையின் பின்கதவு. கதவுக் கீலில் எண்ணெய், சத்தமே வரவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தொப்பி. சந்தில் உள்ள ஸ்டூல்கள் எல்லாம் கிழிந்திருந்தன, சண்டை மெஷினுக்கும் கட்டை மெஷினுக்கும் முன்னால் இருந்தவை தவிர. அந்த இரண்டிலும் மெத்தை. ஒவ்வொரு மெத்தையிலும் ஒரே அளவுப் பள்ளம். கார் ரேஸ் பக்கம் அப்பா ஏன் அதிகம் போகமாட்டார் என்பதும் புரிந்தது. அதில் ஆடுகிறவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அப்பா கவுன்டரில் 'ரிப்பேர் நடக்கிறது' பலகையை மாட்டிவிட்டுப் பின்கதவு வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறார். தூணில் தொங்கும் அந்தப் பெரிய மனசு அட்டை எதற்கு என்றும் தெரிந்தது. யுகாரி சந்தில் நின்று சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

போட்டி அறியாதவர். தினமும் தெருவில் பாதிப் பேரோடு மோதியிருக்கிறார். அந்தப் பெயரை அவள் ஒப்புக்கொள்ள முடியாது. பொய்யான காகிதத்தில் அவள் கை போகாது. ஆனால் காரணத்தை ஓஷோ-சானிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த நாள் தெருவுக்கே தெரியும். பண்டோவின் பத்துக்கு ஆறு என்னாவது? புருஷன் சரியில்லாத அந்தப் பெண் என்னாவாள்?

அதைவிடச் சங்கடம் இன்னொன்று. செவ்வாய்க்கிழமைதோறும் மத்தியானம் ஓஷோ-சான் கேம் சென்டருக்கு வருவார். கோயில் அங்கி இல்லை, மீன் பிடிக்கிறவர் போடும் ஜாக்கெட், இறங்கிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி. அவரை அடையாளம் தெரியாத ஆள் தெருவில் இல்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொண்ட ஆளும் இல்லை. அவரும் ஆடுவது சண்டை மெஷினில்தான். அப்பா அவருக்கு எதிரேயும் உட்கார்ந்திருப்பார். ஓஷோ-சானின் வெற்றிகளும் அப்பா போட்ட பிச்சை என்று, அப்பாவுக்குப் பெயர் வைக்கப்போகும் மனிதரிடமே போய்ச் சொல்ல வேண்டும்.

துப்பறியும் ஆட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது என்றால் என்ன என்று யுகாரிக்கு விளங்கியது. ஞாயிறு போனது. திங்கள் போனது. திறக்காத இழுப்பறை எதுவும் தென்படவில்லை.

செவ்வாய் மத்தியானம் கறுப்புக் கண்ணாடியோடு மீன்பிடிக்காரர் உள்ளே வந்தார். "நல்ல வெயில்" என்று யாரிடமோ சொன்னார். சண்டை மெஷினில் உட்கார்ந்தார். கரடி போன்ற மல்லனைத் தேர்ந்தெடுத்தார்.

யுகாரி ரிப்பேர் பலகையை மாட்டினாள். பின்கதவு வழியாகச் சந்துக்குப் போனாள். ஆணியிலிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. முதலில் சோதித்துப் பார்ப்பது அவள் பழக்கம். அப்பா தோற்ற மாதிரியே அவளும் தோற்றால், அப்பாவின் தோல்வி எப்படிப்பட்டது என்றாவது தெரியும். அதை வைத்து ஏதாவது சொல்லலாம்.

காசு போட்டாள். வாள்காரனை எடுத்தாள். மணி அடித்தது.

தோற்க எளிய வழி சும்மா நிற்பது. நின்றாள்.

மல்லனும் நின்றான்.

இருவரும் மூச்சு வாங்கியபடி லேசாக ஆடிக்கொண்டிருந்தார்கள். மேலே கடிகாரம் தொண்ணூற்றொன்பதிலிருந்து இறங்கியது. மல்லன் ஒருமுறை காற்றில் குத்தினான். கை நீளம் போதவில்லை. மறுபடி குத்தினான். அதுவும் போதவில்லை. வேண்டுமென்றே ஒரு அடி தள்ளி நின்று குத்துகிறான் என்பது யுகாரிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடிகாரம் நின்றது. சமம்.

இரண்டாவது சுற்றில் அவளே மல்லனிடம் போனாள். அவனுடைய பிடியில் சிக்கினால் பாதி உயிர் போய்விடும். கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றாள். மல்லன் பின்வாங்கினான். இன்னும் கிட்டே போனாள். இன்னும் பின்வாங்கினான். முதுகு திரை ஓரத்தில் முட்டியது. போக இடமில்லை. அவன் பிடிக்கவில்லை. குனிந்தான். இவளும் குனிந்தாள். அவன் எழுந்தான், இவள் எழுந்தாள். கல்யாண வீட்டு வாசலில் யார் முதலில் உள்ளே போவது என்று வணங்கிக்கொள்ளும் இரண்டு பெரியவர்கள் மாதிரி, வாள்காரனும் மல்லனும் கடிகாரம் தீரும்வரை குனிந்து குனிந்து எழுந்தார்கள். சமம்.

மூன்றாவது சுற்றும் அப்படியே. மெஷினுக்கு இதற்கு ஒரே தீர்ப்புதான் தெரியும். இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் 'தோல்வி' என்று வந்தது. இரண்டு பக்கமும் காசு கேட்டது.

பெட்டிகளுக்கு அப்பாலிருந்து ஒரு இருமல்.

"தம்பி." குரல் தாழ்ந்திருந்தது. "பேசக் கூடாதுதான். மன்னிக்கணும். ரொம்ப நாளா காணோமே, உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன். வேலை ஏதாவது கெடச்சுதா?"

யுகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "ஓஷோ-சான். நான் யுகாரி."

பின்னால் ஒரு மெஷின் தன் பாட்டை முழுதாகப் பாடி முடித்தது.

"சகுமா யுகாரியா?"

"ஆமா."

"நான் மீன் பிடிக்கப் போற வழில சும்மா..."

"தெரியும், ஓஷோ-சான்."

"தெருவுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"ம்." ஒரு பெருமூச்சு. "கண்ணாடி நல்ல வெலை குடுத்து வாங்கினேன்."

இருவரும் எழுந்திருக்கவில்லை. சுற்றி வந்து முகத்தைப் பார்த்தால் இதைப் பேச முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

"நீங்க ஏன் அடிக்கல?" என்று கேட்டாள் யுகாரி.

"எப்படி அடிக்கறது? எதிர்ப்பக்கத்துல ஒரு பையன் வருவான். வேலை போன பையன். பகல் நேரத்துல வேற யார் வருவா? ஒரு நாள் நான் நல்லா ஆடி ஜெயிச்சுட்டேன். அந்தப் பக்கம் ஸ்டூல் கிரீச்சுனு ஒரு சத்தம், அவ்வளவு சோகமா இருந்துது. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே இவன்கிட்ட தோத்துடணும்னு. சும்மா தோத்தா தெரிஞ்சுடும். நெருக்கமா தோக்கணும். பழகிக்கிட்டேன். காலை பூஜைல அவனையும் சேத்துக்கிட்டேன். பேர் தெரியாதே, எதிர்ப்பக்கத்துப் பிள்ளைனு சொல்லிக்குவேன்."

"தினமுமா?"

"தினமும்."

யுகாரி மெஷினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்ல அவளுக்குத் தெரியும். "அது பையன் இல்ல. அப்பா."

அந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"எல்லார்கிட்டயும் இப்படித்தான்" என்றாள். "பண்டோ-சான், ஹிசாயே-சான். அவங்களுக்குத் தெரியாது. பின்கதவு வழியா வந்து உக்காந்து, கொஞ்சத்துல தோத்துட்டுப் போவார். உங்ககிட்டயும் தோக்கத்தான் வந்திருக்கார்."

"ஆனா அவர் ஜெயிச்சாரே. நான்தானே தோத்துக்கிட்டிருந்தேன்." ஓஷோ-சான் நிறுத்தினார். "பாதிக்குப் பாதி. நான் நல்லாத் தோத்த நாள்ல அவர் ஜெயிப்பார். அவர் நல்லாத் தோத்த நாள்ல..." மறுபடி நிறுத்தினார். "எனக்கு வயசாயிடுச்சு, சரியாத் தோக்கவே வர மாட்டேங்குதுன்னு கவலைப்பட்டேன். எத்தனை தடவை."

"அப்பாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க வேணும்னே தோக்கறது. போன்ல சொன்னார். ஓஷோ-சானுக்கு ஆட்டம் வராது, ஆனா தோக்கறதுல அவரை அடிச்சுக்க ஆளில்லன்னு. நான் கிண்டல்னு நெனச்சேன்."

பெட்டி குலுங்க ஆரம்பித்தது. அந்தப் பக்கம் ஒரு கனத்த மனிதர் அதன்மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு எங்கே முடிந்தது, வேறொன்று எங்கே தொடங்கியது என்று யுகாரிக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவளும் சரியாகக் கேட்கும் நிலையில் இல்லை.

சண்டை ஆட்டம்தான். ஆனால் யார் ஜெயிப்பது என்பதல்ல சண்டை. யார் இன்னும் அழகாகத் தோற்பது என்று இரண்டு கிழவர்கள் வருஷக்கணக்கில் மோதியிருக்கிறார்கள். அந்த வகைக்கு அப்பா அட்டை எழுதவில்லை. எழுதினால் ஓஷோ-சான் படித்துவிடுவாரே.

"ஓஷோ-சான், 'போட்டி அறியாதவர்' வேண்டாம்."

"வேண்டாம். அந்தப் பேரை வச்சா அவர் மேல போய் அத்தனை பேரையும் கூட்டிச் சிரிப்பார். காலைல வேற தரேன்." மூக்கைச் சிந்தினார். "இன்னொரு ஆட்டம்?"

"நான் நிஜமா ஆடுவேன்."

"நானும்தான்."

ஓஷோ-சானுக்கு ஆட்டம் நிஜமாகவே வராது. யுகாரி அரை நிமிஷத்தில் அவரை வீழ்த்தினாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் கோயிலில் பத்துப் பேர். பொன் எழுத்துப் பலகையை எல்லோரும் பார்த்தார்கள். பண்டோ எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"இதுக்கு என்ன அர்த்தம், ஓஷோ-சான்?"

"எதிரே அமர்ந்தவர்."

"எதுக்கு எதிரே?"

ஓஷோ-சான் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "புத்தருக்கு எதிரே."

பண்டோ தலையாட்டினார். "பக்திமான்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார் ஹிசாயேயிடம். ஹிசாயே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யுகாரி தரைப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓஷோ-சானின் பக்கம் திரும்பினால் இருவரும் கெட்டார்கள்.

சாப்பாடு முடிந்து கடை திறந்தாள். கடையை என்ன செய்வது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. நகோயாவிலிருந்து ஆபீஸ் இரண்டு தடவை கேட்டுவிட்டது. விறைத்துக் கிடந்த துணியை அன்று நனைத்துப் பிழிந்து காயப்போட்டாள். கட்டை மெஷின் மேல் ஒரு ஊமே மிட்டாய் இருந்தது. எடுத்து வாயில் போட்டாள். வாயைக் கோணிக்கொண்டாள்.

மாலையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பண்டோ சண்டை மெஷினில் உட்கார்ந்து காசு போட்டார். கவுன்டரில் ரிப்பேர் பலகை தொங்கியது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு காசு விழும் சத்தம் வந்ததும் அவர் நிமிர்ந்தார். "வந்துட்டான்யா திமிர் பிடிச்சவன்" என்றார், கடைக்கே கேட்கும்படி. "வா தம்பி, வா. துக்கம் முடிஞ்சுதா?"

யுகாரி தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டாள். எகிறிக் குதிக்க வேண்டும், அவர் கீழே நின்று குத்துவார், விழ வேண்டும்; நூலிழையில். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டாள். கடைசியில் கை ஒரு கணம் முந்திவிட்டது. பண்டோவின் ஆள் மல்லாந்து விழுந்தான்.

அந்தப் பக்கம் வசவு பொழிந்தது. அம்மா, அப்பா, டை, கம்பெனி எதையும் பண்டோ விட்டுவைக்கவில்லை. பிறகு பையில் காசு தேடும் சத்தம்.

தோற்பது அவளுக்கு இன்னும் வரவில்லை.